அவர் ரெகுலேட்டர் மட்டும்

கீழ போனதுக்கு அப்புறம் இது வேலை செய்யலேன்னா என்ன பண்றதுன்னுதானே கேட்டீங்க? கேளுங்கம்மா, தாராளமா கேளுங்க. கேக்காத ஆளுங்களப் பாத்தாதான் எனக்கு பயம். உங்க வீட்டுக்காரர் பாருங்க, வந்ததுலேர்ந்து ரப்பர் சூட்ட மாட்டிக்கிட்டு வாசல்ல ஃபோட்டோ எடுத்துட்டு இருக்கார். ஒரு கேள்வி கேட்டாரா? உக்காருங்க. காத்து இறங்கினாதான் கஜா அண்ணன் படகை எடுப்பார். அதுவரைக்கும் உங்க சாமான மாட்டிக்கிட்டே சொல்றேன்.

இதுதான் ரெகுலேட்டர். சிலிண்டர்ல அடைச்சு வச்ச காத்த வாய்க்குக் கொண்டுவர்றது. இதோட மூஞ்சியில மெத்துன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அமுக்குங்க. புஸ்ஸுன்னு வருதா? உள்ள தண்ணி ஏறிட்டா அதை அமுக்கினா வெளிய தள்ளிடும். சும்மா விளையாட்டுக்கு அமுக்கக்கூடாது, காத்து வீணாயிடும். பக்கத்துல இந்த மஞ்சள் குழாய் இருக்குல்ல, இதுக்கு ஆக்டோபஸ்னு பேரு. இது உங்க ஜோடிக்கு. அவர்கிட்ட இருக்கற மஞ்சள் உங்களுக்கு. உங்களோடது மக்கர் பண்ணா உங்க மஞ்சளையே நீங்க எடுத்துக்கலாம், அதுவும் பாடத்துல உண்டு. எது எடுத்தாலும் சரி, எடுத்துட்டு ரெண்டு பேரும் ஒண்ணா மேல வந்துடணும். ஒருத்தர் மட்டும் வரக்கூடாது.

இந்தக் கடையில ஓடற ஒவ்வொரு ரெகுலேட்டரையும் நான்தான் பிரிச்சு, கழுவி, ரப்பர் வளையம் மாத்தி மாட்றேன். கோவா போய் கோர்ஸ் படிச்சு வந்தவ நான். சர்டிஃபிகேட் அதோ, சாமி படத்துக்குப் பக்கத்துல. சாமி படம் கொஞ்சம் சாஞ்சிருக்கும், சர்டிஃபிகேட் நேரா இருக்கும். நான் மாட்டின ரெகுலேட்டர் கீழ போய் கைவிட்டதா சரித்திரம் இல்ல.

அவரோடது மட்டும்தான். எங்க வீட்டுக்காரரோடது.

தனஞ்செயன். நேத்து நீச்சல் குளத்துல உங்களுக்கு கிளாஸ் எடுத்தாரே, அவரேதான். கிளாஸ்ல நல்லாதான் பேசுவார். பேச்செல்லாம் கிளாஸோட சரி. போன வருஷம் பொங்கல் கழிச்சு சீசன் ஆரம்பிச்ச புதுசுல, சென்னையிலேர்ந்து ஒரு கெஸ்ட் வந்தாங்க. பெரிய ஆளு, நாப்பது கடல்ல இறங்கினவங்களாம். இதே மேசையில நான் ஒரு ரெகுலேட்டரப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கேன். அவங்க என்னைக் காட்டி, 'இவங்க யாரு?'ன்னு கேட்டாங்க. இவர் என்ன சொல்லணும்? 'என் மனைவி'ன்னு சொல்லலாம். 'எங்க டெக்னீஷியன்'னு சொல்லலாம். இவர் சொன்னார்: 'சாமானெல்லாம் கழுவிக் காய வைக்கிறது இவங்கதான்.'

சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. கையில ஸ்பேனர் வச்சுக்கிட்டு இருக்கேன் நான். துணி அலசறவ மாதிரி சொல்லிட்டுப் போறார்.

அவங்க போனதும் கேட்டேன். 'நான் என்ன பொய்யா சொன்னேன்? கழுவறதும் நீதானே?'ன்னார். கழுவறதும் நான்தான். இல்லேன்னு சொல்லல. அதுக்கு? அவர்தான் தினம் கக்கூஸ் அடைப்பு எடுக்கறார், கெஸ்ட் கேட்டா நான் அதையா சொல்றேன்? ஒரு ஸாரி சொல்லுங்கன்னேன். எதுக்குன்னார். அன்னியோட நான் பேசறத நிறுத்திட்டேன். அவரா வந்து ஸாரி சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. அவரும் லேசுப்பட்ட ஆளா? அவரும் நிறுத்திட்டார்.

வீட்ல எப்படின்னு கேக்கறீங்களா? ஃபோன்தான். நான் அடுப்படியில இருப்பேன், அவர் கூடத்துல இருப்பார். நான் கஜா அண்ணனுக்கு ஃபோன் போட்டு, 'அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க, மீன் குழம்பு ஆறிட்டு இருக்கு'ம்பேன். கஜா அண்ணன் அவருக்குப் போடுவார். கூடத்துல மணி அடிக்கிறது எனக்கே கேக்கும். ஒருநாள் கஜா அண்ணன் நொந்துபோய், 'நான் படகு ஓட்டவா, உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேன் வேலை பாக்கவா'ன்னார். பாவம், ரெண்டும்தான் பாத்தார்.

ஆனா கடல்ல என்ன பண்றது? தனியா இறங்கக்கூடாது. அது சட்டம். எங்க கடையில டைவ் அடிக்கத் தெரிஞ்சது நாங்க ரெண்டு பேர்தான். கெஸ்ட்ட கூட்டிப்போனா, அவங்கள படகுல உக்கார வச்சுட்டு முதல்ல நாங்க இறங்குவோம். கீழ பாறையில கயிறக் கட்டி, நீரோட்டம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு மேல வந்து அப்புறம்தான் அவங்கள இறக்குவோம். இறங்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் சாமான ஒருத்தர் தொட்டுப் பாக்கணும். அவர் வாரை நான் இழுத்துப் பாக்கணும், என் சிலிண்டர் திறந்திருக்கான்னு அவர் பாக்கணும். பேச்சு மூச்சு கிடையாது. அவர் என் வாரை இழுப்பார், நான் கடலப் பாப்பேன். நான் அவர் வாரை இழுப்பேன், அவர் வானத்தப் பாப்பார். ஆனா ஒருநாள் கூட விட்டதில்ல. சண்டை வேற, சாமான் வேற.

அப்படிப் போயிட்டு இருக்கும்போது ஒருநாள் கீழ அவர் மாஸ்க் பட்டை அறுந்து போச்சு. நிஜமாவே அறுந்தது, இப்பவும் டப்பாவுல வச்சிருக்கேன். மாஸ்க் போயிட்டா கீழ ஒண்ணும் தெரியாது, எல்லாம் கலங்கலா இருக்கும். பதறக்கூடாது. வாயில காத்து வருதுல்ல, அது போதும். கண்ண மூடிக்கிட்டு நின்னா ஜோடி வந்து கையப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்துடணும். கூட்டிட்டு வந்தேன். வேற என்ன பண்றது, விட்டுட்டா வர முடியும்? சின்னப் பிள்ளை மாதிரி என் கையப் பிடிச்சுக்கிட்டே வந்தார். மேல வந்து நான் கையை உதறிட்டேன்.

அன்னிக்கு ஆரம்பிச்சது சனி.

அடுத்த வாரம் ரெகுலேட்டர். பதினாலு மீட்டர் ஆழம். கயிறு கட்டி முடிச்சுத் திரும்பறேன், அவர் வாய்லேர்ந்து ஒரே நுரையா கொட்டுது. ஃப்ரீ ஃப்ளோன்னு சொல்வோம். காத்து நிக்காம தானா கொட்டிட்டே இருக்கும், அப்படியே விட்டா சிலிண்டர் காலி. அவர் ஒரு கையால வாயைப் பிடிச்சிருக்கார், இன்னொரு கையால கழுத்த அறுக்கற மாதிரி காட்றார். காத்து இல்லேன்னு அர்த்தம். நான் பாய்ஞ்சு போய் என் மஞ்சளைக் குடுத்தேன்.

ஒரே சிலிண்டர்ல ரெண்டு பேர் மூச்சு விட்டுட்டு வரும்போது ஒரு முறை இருக்கு. நேத்து சொல்லிக் குடுத்திருப்பாரே. ஒருத்தர் வாரை ஒருத்தர் கெட்டியாப் பிடிச்சுக்கணும். எதிரெதிரா இருக்கணும். கண்ணுக்குக் கண்ணு பாக்கணும், ஏன்னா பயம் வந்தா முதல்ல கண்ணுலதான் தெரியும். அப்படியே மெதுவா ஏறி, அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கணும். அங்க நின்னாதான் உடம்புல ஏறின காத்து ஒழுங்கா இறங்கும்.

யோசிச்சுப் பாருங்க. மூஞ்சியிலயே முழிக்கக்கூடாதுன்னு இருக்கேன். அந்த மூஞ்சிய ஒரு முழத்துல வச்சு மூணு நிமிஷம். வேற பக்கம் திரும்பக்கூடாது, சட்டம்.

தண்ணிக்குள்ள எல்லாம் கொஞ்சம் பெருசா தெரியும். அவர் இடது புருவத்துல ஒரே ஒரு நரை. மேல இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன், பாத்ததில்ல. அங்கதான் பாத்தேன்.

படகுல ஏறினதும் நேரா ரெகுலேட்டர வாங்கிட்டேன். வாங்கிட்டேன்னா, அவர் படகுல கழட்டி வச்சார், நான் எடுத்துக்கிட்டேன். கடைக்கு வந்து மேசையில மாட்டிப் பாக்கறேன், நல்லா இருக்கு. பூனை மாதிரி இருக்கு. தண்ணித் தொட்டியில அமுக்கிப் பாக்கறேன், நல்லா இருக்கு. சரி, உப்பு சிக்கியிருக்கும்னு முழுசாப் பிரிச்சு மறுபடி மாட்டினேன். அடுத்த தடவை இறங்கினோம். மறுபடி புஸ்ஸு. மறுபடி கழுத்த அறுக்கறார். மறுபடி என் மஞ்சள், மறுபடி வாரு, மறுபடி அஞ்சு மீட்டர்.

ஏம்மா சிரிக்கறீங்க?

அவரே பட்டனை அமுக்கியிருப்பாரா? ச்சே. என்ன பேச்சு இது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல. கடலுக்குள்ள விளையாடக்கூடாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கறவர். ஒரு கெஸ்ட் மீன் வாலத் தொட்டான்னு அவனை மேல ஏத்தி உக்கார வச்சவர். கை எப்பவும் ரெகுலேட்டர் மேலதான் இருக்கும், வாஸ்தவம். அது கொட்டிட்டு இருக்கு, பிடிக்காம என்ன பண்ணுவார்?

அது ஒருநாள் நல்லா இருந்தா ஜாக்கெட் மக்கர் பண்ணும். தானா காத்து ஏறி பலூன் மாதிரி மேல போகப் பாப்பார், நான் கால இழுத்துப் பிடிப்பேன். ஜாக்கெட் நல்லா இருந்தா, காத்து எவ்வளவு மிச்சம்னு காட்ற கேஜ் முள்ளு நகராது. எல்லாம் மேசையில வந்தா ஒழுங்கா இருக்கும். எனக்குத் தூக்கம் போச்சு. என் சர்வீஸுக்கு இப்படி ஒரு கெட்ட பேரா? கஜா அண்ணன் வேற, 'என்ன செண்பா, நீ மாட்டினது தினம் காலை வாருதே'ன்னு கேட்டார். அவர் சிரிச்சுக்கிட்டுதான் கேட்டார். எனக்கு அழுகையா வந்துது. கழுவறவ மாட்டினா இப்படித்தான் இருக்கும்னு நினைப்பாங்கல்ல?

அதுக்கு நடுவுல அந்தமான்லேர்ந்து கூப்பிட்டாங்க. பெரிய டைவ் கடை, டெக்னீஷியன் வேலை. சட்டையிலயே பேரும் வேலையும் தச்சுக் குடுப்பாங்களாம். சீசன் முடிஞ்சதும் வந்துடறேன்னு சொல்லிட்டேன். பையும் எடுத்து வச்சுட்டேன். ஸாரி சொல்லாத மனுஷனோட எத்தனை நாள் ஃபோன்ல குழம்பு பரிமாறறது? கஜா அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன், யார்ட்டயும் சொல்லாதீங்கண்ணேன்னு. போஸ்ட்மேனாச்சே, அன்னிக்கே போய் சேத்துட்டார். இவர் ஒரு வார்த்தை கேக்கணுமே. போகாதன்னு சொல்லணுமே. ஊஹூம். ஆனா பாருங்க, அந்த நேரத்துலேர்ந்துதான் ரெகுலேட்டர் ரொம்ப மோசமாயிடுச்சு. முன்ன வாரத்துக்கு ஒரு தடவை கொட்டும், அப்புறம் இறங்கறப்பெல்லாம் கொட்ட ஆரம்பிச்சுது. என் நேரம்.

நானும் எதுக்கும் இருக்கட்டும்னு அஞ்சு மீட்டர்ல கொஞ்சம் கூடவே நிறுத்துவேன். மூணு நிமிஷம்னு புஸ்தகத்துல இருக்கு. கூட நின்னா தப்பில்ல, உடம்புக்கு நல்லது. சில நாள் ரொம்ப நேரம் ஆயிடும். சேஃப்டி முக்கியம் பாருங்க. மேல படகு ஒரு இடத்துல நின்னு ஆடுதுல்ல, கெஸ்ட்டெல்லாம் வரிசையா வாந்தி எடுப்பாங்க. கஜா அண்ணன் கயிறப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பாப்பார், நாங்க உயிரோட இருக்கோமான்னு. நான் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுப்பேன்.

சீசன் முடியற நேரம். கடைசி கெஸ்ட், ஒரு ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டருங்க அஞ்சு பேர். முந்தின நாள் பூரா நான் அவர் ரெகுலேட்டர்லயே உக்காந்திருந்தேன். போறதுக்கு முன்னாடி இதை சரி பண்ணிட்டுத்தான் போகணும், இல்லேன்னா அங்க போய் எப்படித் தூங்குவேன்? உள்ள இருக்கற ஒவ்வொரு ரப்பரையும் மாத்தினேன். அதே நாள் என்னோடதுக்கு வாயில கடிக்கிற ரப்பர் கிழிஞ்சிருந்துது. புதுசு மாட்டினேன். மாட்டிட்டு அதச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கணும். இதோ, இதான். இவ்வளவுதான் இருக்கும். அதப் போடறதுக்குள்ள அவரோடதுல இன்னொரு யோசனை வந்துது, எழுந்து போயிட்டேன்.

மறுநாள் கீழ. கயிறு கட்டிட்டு இருக்கோம். நான் தலையத் திருப்பறேன், கடிச்சிருந்த ரப்பர் மட்டும் பல்லுல நிக்குது, ரெகுலேட்டர் கழண்டு பின்னாடி போயிடுச்சு. எனக்கு அது தெரியாது. மூச்ச இழுத்தேன். காத்துக்குப் பதிலா கடல் உள்ள வந்துது.

செத்தேன்னுதான் நினைச்சேன். பொய் சொல்லல. ஊருக்கே பாடம் சொல்றவ. என் மஞ்சள் என் நெஞ்சுலயே தொங்குது, கைய வச்சா கெடைக்கும். எனக்குத் தோணவே இல்ல. நான் எதிர்ல இருந்த அவரப் பாத்து கையால கழுத்த அறுத்துக் காட்டினேன். அது ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. தினம் பாத்துப் பாத்து வந்த பழக்கமா இருக்கும்.

அவர் மஞ்சளத் தேடல. வாய்ல இருந்ததையே பிடுங்கி என் வாயில வச்சு பட்டனை அமுக்கினார். தண்ணியெல்லாம் வெளிய போச்சு. காத்து வந்துது. அப்புறம்தான் அவர் மஞ்சளை எடுத்து தன் வாயில வச்சுக்கிட்டார். அம்மா, அந்தக் காத்து எப்படி வந்துது தெரியுமா? அலுங்காம, குலுங்காம, பட்டு மாதிரி. ஒரு புஸ்ஸு இல்ல. மேல வர்ற வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருமலுக்கு நடுவுலயும் எனக்கு ஒரு சந்தோஷம். அப்பாடா, முந்தின நாள் வேலை வீண் போகல, கடைசியில சரி பண்ணிட்டேன்னு.

அஞ்சு மீட்டர்ல நின்னோம். அவர் என் வாரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். மூணு நிமிஷம் தாண்டியும் விடல. அவர் எதையும் அப்படிப் பிடிச்சு நான் பாத்ததே இல்ல. புயல்ல படகு கவுந்தப்ப கூட அப்படிப் பிடிக்கல. கண்ணு வேற மாஸ்க்குக்குள்ள ஒரு மாதிரி இருந்துது, தண்ணி உள்ள போயிருக்கும்.

படகுல ஏத்தினாங்க. டாக்டருங்க அஞ்சு பேரும் சுத்தி நின்னுட்டாங்க. ஒருத்தர் என் ரெகுலேட்டர எடுத்துப் பாத்து, 'இதுல டை போடாம விட்டது யாரு? யாரு இத சர்வீஸ் பண்ணது?'ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். இவர் டக்குன்னு, 'நான்தான் சார். நேத்து நான்தான் மாட்டினேன். மறந்துட்டேன்'னார்.

எனக்கு எங்கேருந்துதான் அவ்வளவு கோபம் வந்துதோ. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாத மனுஷன், நான் சர்வீஸ் பண்ணேங்கறார். முதல்ல என்னை சாமான் கழுவறவளாக்கினார், இப்ப என் வேலையையே தூக்கித் தன் பேர்ல போட்டுக்கறார். இருமிக்கிட்டே எழுந்து நின்னேன். 'பொய் சொல்றார் டாக்டர். இந்தப் படகுல இருக்கற ஒவ்வொரு ரெகுலேட்டரும் நான் மாட்டினது. இதுவும் நான்தான். மறந்ததும் நான்தான்'னேன்.

கஜா அண்ணன் இஞ்சின் பக்கத்துலேர்ந்து, 'அப்பாடா, நம்ம போஸ்ட் ஆபீஸ மூடியாச்சு'ன்னார்.

இவர் என்னைப் பாத்துட்டே இருந்தார். அப்புறம் அந்த டாக்டர் பக்கம் திரும்பி, 'கேட்டுக்குங்க சார். இவங்கதான் எங்க டெக்னீஷியன்'னார்.

ஆறு மாசம் முன்னாடி சொல்றதுக்கு என்னவாம்? நான் கடலக் குடிச்சாத்தான் வாய்ல வருமா?

டாக்டருங்கள்ல ரெண்டு பேர் அன்னிக்கு இறங்கல. தப்பு சொல்ல முடியாது. மத்த மூணு பேரும் ஆளாளுக்கு அவங்கவங்க டையை இழுத்துப் பாத்துட்டு இறங்கினாங்க. அன்னியிலேர்ந்து இந்தக் கடையில அது பழக்கமாயிடுச்சு. இந்தாங்க, இழுத்துப் பாருங்க. நல்லா இழுங்கம்மா, எனக்காகப் பாவம் பாக்காதீங்க. வருதா? வராது.

யார் முதல்ல பேசினதுன்னு இன்னும் பஞ்சாயத்து நடக்குது. செண்பாதான்னு அவர் சொல்றார். நான் எங்க அவர்கிட்ட பேசினேன்? நான் டாக்டர்கிட்ட பேசினேன். கஜா அண்ணனையே கேளுங்க. ஸாரி? அது இன்னும் வரல. நானும் விடப் போறதில்ல.

அந்தமான் போகலம்மா. எப்படிப் போறது? அன்னிக்கு சரியாயிருந்த ரெகுலேட்டர் அடுத்த வாரமே பழையபடி ஆயிடுச்சு. நான் பையைப் பிரிச்சுத் துணிய எடுத்து வச்சேன், மறுநாளே கொட்டுது. அந்த மாதிரி ஒரு ரெகுலேட்டரோட அவரத் தனியா விட்டுட்டு நான் எங்க போய் நிம்மதியா இருப்பேன்? வேற யாராவது ஜோடியாப் போனா, அவங்களுக்கு மஞ்சளை இவர் சொன்ன நேரத்துக்குக் குடுக்கத் தெரியுமா? அப்புறம் பொறுத்துப் பொறுத்துப் பாத்து, போன மாசம் ஃபுல் செட்டும் புதுசாவே வாங்கிட்டேன். பெட்டியிலேர்ந்து பிரிச்சதே நான்தான்.

காத்து இறங்கிடுச்சு போல. அதோ, கூப்பிடறார்.

என்னங்க? ... என்னது? ... புதுசுங்க அது. காலையிலதானே பாத்தேன். ... சரி சரி, எடுத்துட்டு வாங்க, பாக்கறேன்.

கேட்டீங்களா? புதுசும் கொட்டுதாம். காலையில இதே தொட்டியில போட்டுப் பாத்தேன், ஒரு குமிழி வரல. என்ன ராசியோ அந்த மனுஷனுக்கு.

நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, உங்களோடது கல்லு மாதிரி இருக்கும். அந்த அலமாரியில வாந்தி மாத்திரை இருக்கு, நீங்க ஒண்ணு போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு குடுத்துடுங்க. கயிறு கட்டிட்டு வர எங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும்.